உப்புக்காற்றில் பழைய கணினி: தொடங்குவோருக்கு ஒரு வழிகாட்டி

பழைய கணினி ஒன்று கைக்கு வந்த அன்றே அதை மின்சாரத்தில் மாட்டிப் பார்க்காதீர்கள். இந்தக் கட்டுரையில் வேறு எதை மறந்தாலும் இதை மறக்க வேண்டாம். இருபது முப்பது ஆண்டுகள் பரணில் கிடந்த பெட்டிக்குள் கசிந்த பேட்டரியும், கெட்ட கப்பாசிட்டரும், கடல் காற்றில் பூத்த பச்சைக் களிம்பும் இருக்கலாம். அவற்றோடு மின்சாரம் சேர்கிற ஒரு நொடியில், அதுவரை பிழைத்திருந்த மதர்போர்டும் ஹார்டு டிஸ்க்கும் போய்விடக்கூடும்.

நான் 1998 முதல் வலைத்தளங்கள் உருவாக்கும் வேலையில் இருக்கிறேன். புதுச்சேரியில் ஒரு பிரவுசிங் சென்டரின் மாடி அறையில், 486 வகைச் செயலி கொண்ட கணினி ஒன்றில் நோட்பேடைத் திறந்து வைத்துக்கொண்டு, அட்டவணைக்குள் அட்டவணை போட்டுப் பக்கம் அமைத்த காலத்தில் தொடங்கிய தொழில் அது. அந்த ஆண்டுகளில் செய்த தளங்களில் பெரும்பகுதி, அவற்றை வைத்திருந்த வழங்கி நிறுவனம் மூடப்பட்டபோது ஒரே நாளில் இல்லாமல் போயின. மிஞ்சியவை அம்மாவின் பீரோவில் பட்டுப் புடவைகளுக்கு அடியில் இருந்த ஒரு பெட்டி ஃபிளாப்பிகள் மட்டுமே. அவற்றைப் படிக்க ஒரு பழைய கணினி தேவைப்பட்டது. அந்தத் தேவைதான் பிறகு பொழுதுபோக்காக வளர்ந்தது. ஆகவே நான் சொல்லப்போகும் வரிசை, இயந்திரத்தை அழகுபடுத்துவோரின் வரிசையிலிருந்து சற்று மாறுபடும். உள்ளே இருப்பதைக் காப்பாற்றுவது முதல் வேலை, பெட்டியை ஓடவைப்பது இரண்டாவது வேலை.

முதல் பெட்டியைத் தேர்ந்தெடுத்தல்

பெட்டி தேடிப் புறப்படுவதற்கு முன், உங்களிடம் இப்போதுள்ள கணினியிலேயே ஒரு வாரம் பழகிக்கொள்ளுங்கள். விண்டோஸுக்கு முந்தைய டாஸ் இயங்குதளத்தை இன்றைய கணினியில் உருவகிக்கும் டாஸ்பாக்ஸ் என்னும் மென்பொருள் 2002 முதல் கிடைக்கிறது. பழைய விளையாட்டுகளையும் நிரல்களையும் அது எளிதாக இயக்கும். ஒரு குறிப்பிட்ட மதர்போர்டையும் அதன் பயோஸையும் (கணினி எழும்போது முதலில் ஓடும், போர்டிலேயே பதிந்த நிரல்) அப்படியே உருவகிக்க வேண்டுமானால் 86பாக்ஸ் பொருத்தமானது. ஜிம் ஹால் 1994-இல் தொடங்கிய ஃபிரீடாஸ் இன்றும் இலவசமாகக் கிடைப்பதால், இயங்குதளத்துக்காக அலைய வேண்டியதில்லை. டாஸ் உள்ளே எப்படி எழுதப்பட்டது என்று அறிய விரும்புவோருக்கு, எம்எஸ்-டாஸ் 4.00 பதிப்பின் மூல நிரலை மைக்ரோசாஃப்ட் 2024-இல் எம்ஐடி உரிமத்தில் வெளியிட்டிருக்கிறது. இவற்றில் கை பழகிய பிறகும் உண்மையான பெட்டி வேண்டும் என்று தோன்றினால் மட்டும் அடுத்த படிக்கு வாருங்கள்.

முதல் பெட்டி பென்டியமாக இருக்கட்டும் என்பது என் உறுதியான கருத்து. பென்டியத்துக்கு முந்தைய 386, 486 வகைகளின் மீது எல்லோருக்கும் ஆசை இருக்கிறது, எனக்கும் இருந்தது. ஆனால் அவற்றில் பலவற்றின் மதர்போர்டில், கசியும் இயல்புடைய நிக்கல்-கேட்மியம் பேட்டரி நேரடியாகச் சால்டர் செய்யப்பட்டிருக்கும். ஹார்டு டிஸ்க்கின் அளவுகளையும் பெரும்பாலும் நாமே பயோஸில் குறிக்க வேண்டியிருக்கும். 1990-களின் பிற்பகுதியில் வந்த பென்டியம் பெட்டிகளில் பெரும்பாலும் சிஆர்2032 நாணய பேட்டரி இருக்கும், ஹார்டு டிஸ்க்கைப் பயோஸே கண்டுபிடிக்கும். அதில் ஓராண்டு பழகிவிட்டு 486-க்குப் போங்கள்.

கிடைக்குமிடம் என்று பார்த்தால், கடலூர் முதுநகர்ப் பக்கத்துக் காயலான் கடைகளும் புதுச்சேரி காந்தி வீதி ஞாயிற்றுக்கிழமைச் சந்தையும் எனக்குக் கை கொடுத்திருக்கின்றன. அவற்றைவிட நல்ல இடம், ஒரே கட்டடத்தில் நெடுநாள் இயங்கிவரும் தணிக்கையாளர் அலுவலகங்களும் அச்சகங்களும்தான். அங்கே எச்சிஎல், விப்ரோ, ஜெனித் பெட்டிகள் மூலையில் கிடக்கும், பெட்டியோடு டிவிஎஸ் கோல்டு விசைப்பலகையும் கிடைத்தால் அது தனி மகிழ்ச்சி. காயலான் கடைக்காரரிடம் வாங்குவதானால், பிரிப்பதற்கு முன்பே சொல்லி வைக்க வேண்டும், ஏனெனில் செம்புக்காகவும் தங்கப் பூச்சுக்காகவும் போர்டுகள் அன்றன்றே உடைக்கப்பட்டுவிடும். பள்ளிக்கூடக் கிடங்கு ஏதேனும் காலி செய்யப்படுகிறது என்று கேள்விப்பட்டால் தவறாமல் போய்ப் பாருங்கள். 1984-இல் மத்திய அரசு தொடங்கிய கிளாஸ் என்னும் கணினிக் கல்வித் திட்டத்தின் கீழ் பள்ளிகளுக்குப் பிபிசி மைக்ரோ கணினிகள் வழங்கப்பட்டன, அவற்றில் ஒன்று எங்கேனும் தூங்கிக்கொண்டிருக்கலாம்.

புதுச்சேரிக்கே உரிய ஒரு செய்தி உண்டு. பிரான்சில் பணியாற்றித் திரும்பியவர்களின் வீடுகளில், அங்கிருந்து கொண்டுவந்த கணினிகள் அவ்வப்போது கிடைக்கின்றன. தாம்சன் எம்ஓ5, ஆம்ஸ்ட்ராட் சிபிசி 464 ஆகிய இரண்டும் 1984-இல் வந்தவை. முன்னதன் பின்புறத்திலிருந்து வரும் ஸ்கார்ட் என்னும் ஐரோப்பியத் தொலைக்காட்சி இணைப்பு நம் தொலைக்காட்சிகளில் இருக்காது என்பதால், ஸ்கார்ட்டிலிருந்து எச்டிஎம்ஐக்கு மாற்றும் கருவி ஒன்று தேவைப்படும். பிசி வகையாக இருந்தால் விசைப்பலகை பிரெஞ்சு அமைப்பில் இருக்கும். அதில் ஏயும் கியூவும், இசட்டும் டபிள்யூவும் இடம் மாறியிருக்கும், எம் எழுத்து எல்லுக்கு வலப்பக்கம் போயிருக்கும். கோப்புப் பட்டியலைக் காட்டும் டிஐஆர் கட்டளை சரியாக வேலை செய்யும், நினைவகத்தைக் காட்டும் எம்இஎம் என்று தட்டினால் இரண்டு எம்மும் அரைப்புள்ளிகளாக விழும். விசைப்பலகை கெட்டுவிட்டது என்று நினைத்து அதைத் தூக்கிப் போட்டவர்களை எனக்குத் தெரியும். கே-இ-ஒய்-பி என்று தட்டி, ஓர் இடைவெளி விட்டு எஃப்-ஆர் என்று கொடுத்தால் டாஸ் அந்தப் பலகையைப் புரிந்துகொள்ளும். நல்லவேளையாக, அந்தக் கட்டளைக்கு வேண்டிய ஆறு எழுத்துகளும் இரு அமைப்புகளிலும் ஒரே இடத்தில்தான் இருக்கின்றன.

மின்சாரம் கொடுப்பதற்கு முன்

பெட்டியை வெயில் படாத, காற்றோட்டமான இடத்தில் இரண்டு நாள் வையுங்கள். பிறகு மூடியைக் கழற்றி, மென்மையான பெயின்ட் பிரஷ்ஷால் தூசியைத் தள்ளி, எதையும் தொடுவதற்கு முன் எல்லாக் கோணங்களிலும் கைப்பேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். எந்தக் கேபிள் எந்தப் பக்கமாக இருந்தது என்பது மறு நாளே மறந்துவிடும்.

அடுத்துப் பேட்டரியைத் தேடுங்கள். மதர்போர்டின் மேல் நீல அல்லது பச்சை உறையிட்ட சிறு உருளை தெரிந்தால், அது நன்றாக இருப்பதாகத் தோன்றினாலும் வெட்டி எடுத்துவிட வேண்டும். அதிலிருந்து கசிவது காரம், அமிலமன்று. ஆகவே வெள்ளை வினிகரைப் பழைய பல்துலக்கியில் தொட்டுக் கறைபட்ட இடத்தைத் தேய்த்தால் காரம் சமனாகும். அதன்பின் காய்ச்சி வடித்த நீரால் கழுவி, ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் துடைத்து, மின்விசிறிக்கு அடியில் ஒரு நாள் முழுதும் உலர விடுங்கள். கறை படிந்த இடத்தில் செம்புத் தடங்கள் அரிக்கப்பட்டிருந்தால் மல்டிமீட்டரை ஒலி எழுப்பும் நிலையில் வைத்து ஒவ்வொரு தடமாகத் தொடர்ச்சியைச் சோதிக்க வேண்டும். வெட்டிய பேட்டரியின் இடத்தில் சிஆர்2032-ஐ நேரடியாகச் சால்டர் செய்வது பெருந்தவறு. அந்த மதர்போர்டு தன் பேட்டரிக்கு மின்னேற்றம் செய்யும்படி அமைக்கப்பட்டது. மின்னேற்றம் செய்யக்கூடாத நாணய பேட்டரி அதில் வீங்கவோ வெடிக்கவோ கூடும். பெரும்பாலான போர்டுகளில் வெளிப் பேட்டரிக்கென 4 முள் கொண்ட இணைப்பு ஒன்று இருக்கும், அதைப் பயன்படுத்துங்கள். இல்லையென்றால் ஒரு டையோடு இடையில் இருந்தாக வேண்டும்.

நம் ஊரில் இதைவிடப் பரவலான நோய் உப்பு. குருசுக்குப்பம், வைத்திக்குப்பம், தேவனாம்பட்டினம் போலக் கடலை ஒட்டிய இடங்களில் இருந்த பெட்டிகளில், பேட்டரி கசியாமலே ரேம் துண்டுகளின் முனைகளும் கார்டுகளின் முனைகளும் மங்கியிருப்பதைப் பார்க்கலாம். எல்லாக் கார்டுகளையும் ரேமையும் கழற்றி, தங்க நிற முனைகளைப் பள்ளிக்கூடப் பென்சில் ரப்பரால் மெல்லத் தேய்த்து, துகளைப் பிரஷ்ஷால் தள்ளி, ஆல்கஹாலில் நனைத்த துணியால் துடைத்து மீண்டும் மாட்டுங்கள். நமது சர்வீஸ் கடைகளில் காலங்காலமாகச் செய்துவரும் இந்த எளிய வேலையாலேயே, "செத்துப்போனது" என்று எனக்குக் கொடுக்கப்பட்ட பெட்டிகளில் பாதிக்கு மேல் எழுந்துகொண்டன.

இனி எஸ்எம்பிஎஸ், அதாவது பெட்டிக்கு மின்சாரம் வழங்கும் பகுதி. அதன் பின்புறத்தில் 115, 230 என்று குறித்த சிவப்புச் சுவிட்ச் இருந்தால் அது 230-இல் இருப்பதை இருமுறை பாருங்கள். வெளிநாட்டிலிருந்து வந்த ஒரு பெட்டியில் இதைப் பார்க்கத் தவறி, பட்டாசுச் சத்தத்தோடு ஒரு எஸ்எம்பிஎஸ்ஸை இழந்திருக்கிறேன். இரண்டு முள் பிரெஞ்சு பிளக்கோடு வந்த கம்பியை எடுத்துவிட்டு, எர்த் உள்ள நம் மூன்று முள் கம்பியைப் போடுங்கள். ஏடி என்னும் பழைய மின்வழங்கி வகைப் பெட்டிகளில் முன்பக்கத்துப் பவர் பட்டன் வரை 230 வோல்ட் நேரடியாக வருகிறது என்பதைப் புதியவர்கள் அறிந்திருக்க மாட்டார்கள். ஆகவே பிளக்கைச் சுவரிலிருந்து பிடுங்காமல் அந்தப் பட்டனின் பின்புறத்தைத் தொடவே கூடாது.

எஸ்எம்பிஎஸ்ஸை மதர்போர்டிலிருந்து கழற்றி, உங்களுக்குத் தேவையில்லாத ஒரு பழைய ஹார்டு டிஸ்க்கை மட்டும் சுமையாக மாட்டி, எலக்ட்ரீஷியன்கள் வைத்திருக்கும் சீரிஸ் போர்டு வழியாக 100 வாட் குண்டு பல்பைத் தொடரில் இணைத்து முதல் மின்சாரம் கொடுங்கள். பல்பு ஒரு கணம் மின்னி மங்கினால் நல்லது. முழு ஒளியோடு நின்றுவிட்டால் உள்ளே ஷார்ட் இருக்கிறது, உடனே நிறுத்துங்கள். பல்பு மங்கியதென்றால், அதை விலக்கிவிட்டு நேரடி மின்சாரத்தில் மல்டிமீட்டரால் அளவுகளைப் பார்க்க வேண்டும்: கறுப்புக் கம்பிக்கும் சிவப்புக்கும் இடையே 4.75 முதல் 5.25 வோல்ட், கறுப்புக்கும் மஞ்சளுக்கும் இடையே 11.4 முதல் 12.6 வோல்ட். இந்த எல்லைக்குள் இருந்தால்தான் மதர்போர்டில் மாட்டலாம். ஏடி வகையில் மதர்போர்டுக்குப் போகும் இணைப்புகள் இரண்டு. இரண்டிலும் உள்ள கறுப்புக் கம்பிகள் நடுவில் ஒன்றையொன்று ஒட்டி அமைய வேண்டும். இடம் மாற்றி மாட்டினால் போர்டு எரிந்துவிடும்.

குழல் மானிட்டரைத் திறக்காதீர்கள். சுவிட்சை அணைத்த பிறகும் அதற்குள் பல ஆயிரம் வோல்ட் தங்கியிருக்கக்கூடும். இந்த வேலையை அனுபவமுள்ள தொலைக்காட்சி மெக்கானிக்கிடம் விட்டுவிடுங்கள்.

ஹார்டு டிஸ்க்கும் ஃபிளாப்பியும்

பெட்டி எழுந்து திரையில் எழுத்து வந்ததும் விளையாட்டு ஒன்றை ஏற்றிப் பார்க்க மனம் துடிக்கும். அந்த ஹார்டு டிஸ்க் இன்னும் எத்தனை மணி நேரம் சுழலும் என்று யாராலும் சொல்ல முடியாது என்பதால், அதை நகலெடுக்காமல் அதில் ஒரு எழுத்தைக்கூட எழுதாதீர்கள். டிஸ்க்கைக் கழற்றி, அதன் மேல் ஒட்டியுள்ள தாளில் அச்சிட்ட சிலிண்டர், ஹெட், செக்டர் எண்களைக் குறித்துக்கொண்டு, லினக்ஸ் கணினியில் இணைத்து, ஜிஎன்யு டிடிரெஸ்க்யூ நிரலால் முழு வட்டையும் ஒரே கோப்பாக நகலெடுக்க வேண்டும். அந்த நிரல் நன்றாகப் படிக்கக்கூடிய பகுதிகளை முதலில் எடுத்துவிட்டு, கெட்ட பகுதிகளுக்குப் பிறகு திரும்பி வருவதால், சாகும் நிலையில் உள்ள வட்டுக்கு மிகவும் ஏற்றது. யுஎஸ்பி மாற்றியை வாங்கிவிட்டு, "500 எம்பிக்குக் குறைவான வட்டைக் கணினி காணவில்லை" என்று வருந்துவோர் பலர். மிகப் பழைய வட்டுகளுக்கு, செக்டர்களை வரிசை எண்ணால் குறிக்கும் எல்பிஏ என்னும் முகவரி முறை தெரியாது, யுஎஸ்பி மாற்றிகளோ அதை மட்டுமே பேசும். அக்கால ஹார்டு டிஸ்க்குகளுக்குரிய உண்மையான ஐடிஇ இணைப்புள்ள 2000-களின் தொடக்கத்துக் கணினி ஒன்றை இதற்காகவே வைத்துக்கொள்வது நல்லது.

நகல் கைக்கு வந்தபின், அந்த வட்டை எடுத்து வைத்துவிட்டு, அதன் இடத்தில் ஐடிஇ மாற்றியோடு காம்பாக்ட் ஃபிளாஷ் நினைவக அட்டை ஒன்றைப் போடலாம். பழைய பயோஸ்கள் 1,024 சிலிண்டர், 16 ஹெட், 63 செக்டர் என்ற எல்லைக்கு மேல் எண்ணத் தெரியாதவை. செக்டருக்கு 512 பைட் என்று பெருக்கினால் 52,84,82,304 பைட் வரும். 486-இல் 4 ஜிபி அட்டையைப் போட்டாலும் ஏறக்குறைய 504 எம்பி மட்டும் தெரிவதற்குக் காரணம் அதுதான்.

ஃபிளாப்பிகளில் நமக்குள்ள எதிரி பூஞ்சை. உலோக மூடியை விரலால் தள்ளி, வட்டை மெல்லச் சுழற்றி, விளக்கொளியில் சாய்த்துப் பாருங்கள். வெள்ளைப் புள்ளிகளோ பனி படிந்தது போன்ற மங்கலோ தெரிந்தால் டிரைவில் போடாதீர்கள். பூஞ்சை டிரைவின் தலையில் ஒட்டி, அடுத்துப் போடும் நல்ல ஃபிளாப்பியையும் கீறிவிடும். பஞ்சுக் குச்சியை ஆல்கஹாலில் தோய்த்து, இருபுறமும் அழுத்தாமல் துடைத்து, உலர்ந்தபின் போடலாம். 3.5 அங்குல ஃபிளாப்பியின் மூலையில் உள்ள சிறு கதவைத் திறந்து துளை தெரியும்படி வைத்தால் அதன் மேல் எதுவும் எழுதப்படாது. 5.25 அங்குலத்தில் இது தலைகீழ்: பக்கவாட்டு வெட்டை ஒட்டுத்தாளால் மூட வேண்டும். முழுமையாகப் படித்த 1.44 எம்பி ஃபிளாப்பியின் நகல் சரியாக 14,74,560 பைட் இருக்கும். 80 தடம், 2 பக்கம், 18 செக்டர், 512 பைட் என்ற கணக்கு அது. யுஎஸ்பி ஃபிளாப்பி டிரைவ் 3.5 அங்குலத்துக்கு மட்டுமே உதவும். பெரியவற்றுக்கும் அரைகுறையாகக் கெட்டவற்றுக்கும், கிரீஸ்வீசில் என்னும் சிறு போர்டை வாங்கிப் பழைய டிரைவோடு இணைத்துக்கொள்வதே வழி.

திஸ்கியில் கிடக்கும் தமிழ்

நம்மவர்களின் ஃபிளாப்பிகளைத் திறந்ததும், பிற மொழி வழிகாட்டிகளில் காண முடியாத ஒரு சிக்கல் வரும். கோப்பு நலமாக இருக்கும், ஆனால் திரையில் தெரிவதோ புள்ளி வைத்த ஐரோப்பிய எழுத்துகளின் குவியல். கோப்பு கெட்டுவிட்டதாக எண்ணி அழித்துவிடாதீர்கள். அது பெரும்பாலும் தமிழ்தான். யூனிகோடில் தமிழுக்கு 1991 முதலே இடம் இருந்தாலும், விண்டோஸ் 2000 வரும்வரை நம் மேசைக் கணினிகளில் அது வேலை செய்யவில்லை. அதுவரை முரசு அஞ்சல் போன்ற மென்பொருள்களில், அந்தந்த எழுத்துருவுக்குரிய குறியேற்றத்தில், அதாவது எழுத்துகளுக்கு எண் கொடுக்கும் முறையில்தான் தட்டச்சு செய்தோம். பிறகு பொதுக் குறியேற்றமாகத் திஸ்கி வந்தது. 1999-இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டை அடுத்துத் தமிழக அரசு டாம், டாப் என்னும் குறியேற்றங்களை ஏற்றது. வலைப்பக்கத்தில் வாசகரிடம் எழுத்துரு இல்லாமலே தமிழ் தெரிய வேண்டுமென்று, இன்டர்நெட் எக்ஸ்புளோரருக்கு ஒரு வடிவிலும் நெட்ஸ்கேப்புக்கு வேறு வடிவிலும் எழுத்துருக் கோப்பை இணைத்து நான் இரவெல்லாம் சோதித்திருக்கிறேன்.

மாற்றும்போது ஒன்றைக் கவனியுங்கள். திஸ்கியில் எழுத்துகள் கண்ணுக்குத் தெரியும் வரிசையில் சேமிக்கப்பட்டன, அதாவது "கெ" என்பதில் கொம்பு முதலிலும் ககரம் பிறகும் இருக்கும். யூனிகோடில் ககரம் முதலில் வரும். எனவே எழுத்துக்கு எழுத்து மாற்றினால் மட்டும் போதாது, வரிசையையும் மாற்ற வேண்டும். லினக்ஸில் உள்ள ஐகான்வ் நிரலுக்குத் திஸ்கி தெரியும். வேறு குறியேற்றங்களுக்கு என்எச்எம் கன்வெர்ட்டர் உதவும். எந்தக் குறியேற்றம் என்று தெரியாவிட்டால், வலைப்பக்கத்தின் மூலத்தில் எழுத்துருவின் பெயர் எழுதப்பட்டிருக்கும், அதிலிருந்து தொடங்குங்கள். மூலக் கோப்பை மாற்றாமல் வைத்துக்கொண்டு நகலில் மட்டுமே மாற்றுங்கள். என் பெட்டியில் இருந்த ஃபிளாப்பிகளில் ஒன்றில், கடலூரில் ஒரு மளிகை மொத்த வியாபாரிக்காக நான் செய்த முதல் தமிழ்ப் பக்கம் இருந்தது. அதில் "கொத்தமல்லி" மீண்டும் சரியாகத் தெரிந்தபோது வீட்டில் எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டினேன்.

வலையில் சேர்த்தல்

பழைய பெட்டியை நேரடியாக இணையத்தில் விடக்கூடாது, விடவும் இயலாது. அக்கால உலாவிகளுக்கு இன்றைய மறையாக்க முறைகள் தெரியாது என்பதால் ஏறக்குறைய எந்தத் தளமும் திறக்காது. வீட்டு வலையமைப்புக்குள் மட்டும் சேர்ப்பதே சரி. என்இ2000 வகையோடு ஒத்துப்போகும் ஐஎஸ்ஏ நெட்வொர்க் கார்டு ஒன்றும் அதை டாஸ் பயன்படுத்த உதவும் பாக்கெட் டிரைவர் என்னும் சிறு நிரலும் இருந்தால், மைக்கேல் புருட்மன் எழுதிய எம்டிசிபி தொகுப்பு டாஸிலேயே கோப்புகளைப் பரிமாறும் எஃப்டிபி, வேறு கணினியில் நுழைய உதவும் டெல்நெட் ஆகியவற்றைத் தருகிறது. 8088 செயலி உள்ள பெட்டியில்கூட அது ஓடும். மடிக்கணினியில் ஒரு எளிய வலை வழங்கியை இயக்கி, மீட்டெடுத்த பக்கங்களை அதில் வைத்து, பென்டியத்தில் நெட்ஸ்கேப் 3 கொண்டு திறந்து பாருங்கள்.

வலை உருவாக்கத் தொழிலுக்கு வரும் இளைஞர்கள் இந்தப் படியைத் தவறவிடக்கூடாது என்று விரும்புகிறேன். அன்று 28.8 கேபிபிஎஸ் மோடத்தில் நொடிக்கு மிகுந்தால் 3,600 பைட் வரும். 50 கேபி பக்கம் முழுதாக வர 14 விநாடி ஆகும். அதற்கு மேல் வாசகர் காத்திருக்க மாட்டார் என்று படங்களின் நிறங்களைக் குறைத்துக் குறைத்து வைத்தோம். இன்று நீங்கள் செய்யும் 3 எம்பி பக்கம் அதே மோடத்தில் 14 நிமிடத்துக்கு மேல் எடுக்கும். உங்கள் சொந்தத் தளத்தின் பக்கம் ஒன்றை எச்டிடிபியில், ஸ்கிரிப்ட் எதுவும் இல்லாமல், இந்தப் பெட்டியில் படிக்கும்படி எழுதிப் பாருங்கள். தலைப்பு, பத்தி, இணைப்பு, படத்துக்கு மாற்று உரை ஆகியவற்றைச் சரியாக எழுதினால் 1996-இன் உலாவியும் அதைப் படித்துவிடும். சிதம்பரம் பேருந்தில் சிக்னல் இல்லாமல் தவிக்கும் கைப்பேசியிலும் அதே பக்கம் விரைவாகத் திறக்கும்.

மழைக்காலம்

ஐப்பசி பிறப்பதற்குள் பெட்டிகளைத் தரையிலிருந்து எடுத்து, மேல் தட்டுக்கு மாற்றுங்கள். 2011 டிசம்பர் 30-ஆம் நாள் தானே புயல் புதுச்சேரிக்கும் கடலூருக்கும் இடையே கரை கடந்தபோது, தரையில் இருந்த என் இரண்டு பெட்டிகளும் ஈரத்தில் போயின. பிளாஸ்டிக் தாளால் இறுகச் சுற்றுவது ஈரத்தை உள்ளேயே பூட்டிவிடும். பருத்தித் துணியால் மூடி, ஃபிளாப்பிகளை மட்டும் சிலிக்கா ஜெல்லோடு இறுக்கமான டப்பாவில் வைக்க வேண்டும். நீலமாக இருக்கும் ஜெல் இளஞ்சிவப்பானதும் வாணலியில் மிதமான சூட்டில் வறுத்தால் மீண்டும் நீலமாகும்; அந்த வாணலியைச் சமையலுக்குப் பயன்படுத்தாதீர்கள். மழை விட்ட நாளில் வாரம் ஒருமுறை ஒரு மணி நேரம் பெட்டியை ஓடவிடுங்கள், உள்சூட்டில் ஈரம் போகும். இடி இறங்கும்போது சுவிட்சை அணைத்தால் போதாது, பிளக்கையே பிடுங்கி வையுங்கள், நெட்வொர்க் கம்பியையும் சேர்த்து.

பொங்கலுக்குப் பிறகு மூடியைத் திறந்து, பேட்டரி இருந்த இடத்தையும் ரேம் முனைகளையும் மீண்டும் பாருங்கள். புதிதாகப் பச்சை பூத்திருந்தால் ரப்பரும் ஆல்கஹாலும் எடுத்துக்கொண்டு உட்காருங்கள்.